அயிம்பேன் காய்ச்சிய சிவப்புக் கஞ்சி

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மழைக்காலத்தில் என் நாற்றங்காலை நண்டு தின்றுவிட்டது. ஊரெல்லாம் நடவு ஆரம்பித்தாகிவிட்டது. என் வயலில் தண்ணீர் மட்டும் நின்றது. புதுப்பெண்ணின் நாற்று போய்விட்டால் அவள் கை சரியில்லை என்பார்கள். மாமியாரிடம் சொல்லப் பயம். அடுத்தவளிடம் கேட்கக் கூச்சம். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் காலையில் மாதாவை வேண்டிக்கொண்டே வயலுக்குப் போனேன். வரப்பின் மேல் நாற்றுமுடிகள் வரிசையாக இருந்தன. வேர் காயாமல் சேறு பூசி, மேலே பனையோலை போட்டு மூடியிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முடிச்சுகள் மாறிக் கிடந்தன. நாங்கள் வலப்பக்கம் சுற்றிச் செருகுவோம். அவை இடப்பக்கம் சுற்றியிருந்தன. எங்கள் பகுதியில் இடக்கைக்காரி ஒருத்திதான், என் கணவரின் அண்ணன் மனைவி அயிம்பேன். அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னைப் பார்த்தவள், "என்ன புள்ள, கண்ணு வீங்கிக் கெடக்கு? இன்னிக்காவது தூங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேறு பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஆற்றுத்தீவு ஒன்றில் பிறந்தவள். குள்ளம். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கோவிலில் எல்லாரும் ஒரு ராகத்தில் பாடினால் அவள் மட்டும் வேறொன்றில் பாடுவாள். பங்குச் சாமியார் ஒருமுறை, "அம்மா, ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார். "அப்ப எங்குரல் எதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும் சாமி" என்றாள். கள் இறக்கப் போன புருஷன் பனையிலிருந்து விழுந்து இறந்த பிறகு, வரப்பு வெட்ட அவன் தம்பிமார் வந்தார்கள். மற்ற வேலையெல்லாம் அவளே செய்தாள். கோடையில் உப்போடைக் கண்டல் மரங்களின் வேரில் ஒட்டிய சிப்பியை வெட்டுவாள், மழையில் வயலில் நிற்பாள். மகன் தலைநகர் டக்காரில் லாரி ஓட்டினான்.

எங்கள் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. கதிரோடு அறுத்துக் கட்டிய நெல்லைப் பரணில் ஏற்றிவிட்டால், அதில் எத்தனை கட்டு இருக்கிறது என்று புருஷனுக்கே தெரியாது. ஏறிப் பார்ப்பது இருக்கட்டும், கேட்பதே மரியாதைக்கேடு. புகை படிந்து கறுத்த பழைய நெல்தான் எங்களுக்குப் பெருமை. அறுத்த வருடமே தின்றால் இல்லாதவள். பழைய நெல்லைத் தொடாமல் வைத்திருப்பவள் உள்ளவள். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். மற்றவர்களே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அயிம்பேனிடம் "சிவப்பு" இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிவப்பு என்பது கடல் தாண்டி வராமல் இந்த ஆப்பிரிக்க மண்ணிலேயே முதலில் இருந்த நெல். குத்தினால் தோள்பட்டை கழன்றுவிடும். முற்றிய கதிரில் கை பட்டால் பாதி வயலிலேயே கொட்டிவிடும். ஆனால் காலையில் சாப்பிட்டால் பொழுது சாயும்வரை வயிறு கேட்காது. பிள்ளை பெற்றவளுக்கு முதல் கஞ்சி அதில்தான். அதுவும் மாமியார் வீட்டு அரிசியில் இல்லை, வேறொரு வீட்டு அடுப்பிலிருந்து வரவேண்டும். பிரசவ வீட்டுப் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள். அயிம்பேன் கஞ்சிக் குடுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நுழைவதைப் பார்த்தாலே உள்ளே இருப்பவளுக்குப் பாதி வலி போகும்.

முன்பெல்லாம் ஒவ்வொருத்தி வயலிலும் பல நெல் இருந்தது. உப்பு ஏறும் பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, குருவி கிட்டே வராத மீசைக்காரி ஒன்று, விருந்துக்கு மணமாக ஒன்று. ஒன்று படுத்தால் இன்னொன்று நிற்கும். பிறகு மழை குறைந்த வருடங்களில் மூன்று மாத நெல்லை வெளியிலிருந்து மூட்டையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது பஞ்சத்தில் சோறு போட்டது, குறை சொல்லக்கூடாது. சுலபமாகக் குத்தலாம், வெள்ளையாக இருக்கும். பள்ளம் மேடு எல்லாவற்றிலும் அதையே நட்டோம். சிவப்பை நான் விட்டால் என்ன, மற்றவள் வைத்திருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தோம். பரணைப் பற்றிக் கேட்கும் வழக்கம் இல்லாததால் எந்த நினைப்பும் பொய்யாகவில்லை.

நான் சொல்ல வந்த வருடத்தில், கதிர் வரும் சமயத்தில், எதிர்வீட்டு யூலாலியின் மருமகள் ஓனோரினுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நல்ல சத்தம். ஆனால் தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. மருந்தகத்து எஃப்ரெம் மாத்திரை கொடுத்துவிட்டு, "வெறும் வெள்ளைக் குருணைய மட்டும் வடிச்சுப் போடாதீங்க. அது வயித்த ரொப்பும், ரத்தத்த ரொப்பாது. தவிடு போகாத அரிசி, மீன், கீரை எல்லாம் குடுங்க" என்றான். யூலாலி உடனே சொன்னாள்: "அதுக்குத்தான் எங்க அயிம்பேன் இருக்காளே."

அயிம்பேன் கஞ்சி கொண்டுவந்தாள். செக்கச்செவேல் என்று இருந்தது. அடுத்த நாளும் கொண்டுவந்தாள், அதற்கடுத்த நாளும். ஓனோரின் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். ஆனால் வெளுப்பு மாறவில்லை.

ஓனோரின் வலைக்காரன் மகள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சிரித்துக்கொண்டு சொன்னாளாம்: "அத்தை, இந்தக் கஞ்சியக் குடிச்சா எங்கப்பா வலை நெனப்பு வருது. சின்ன வயசுல வலையக் கடிச்சுக்கிட்டேதான் தூங்குவேன்."

எங்கள் பக்கத்தில் வலை இற்றுப்போகாமல் இருக்கக் கண்டல் பட்டையைக் கொதிக்கவைத்து அந்தச் சாயத்தில் முக்குவார்கள். யூலாலிக்கு நாக்கு எவ்வளவு கூர்மையோ புத்தியும் அவ்வளவு. அன்று வந்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக் கழுவிப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் கிணற்றடியில் நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

"ஏண்டி அயிம்பேன், கொஞ்சம் நில்லு" என்றாள் யூலாலி. "உங்கஞ்சி குடிச்சு எம் மருமகளுக்கு நாக்கு இழுக்குதாம்."

"பெத்த ஒடம்பு. வாய் அப்படித்தான் இருக்கும்."

"வாய்க்கென்ன, நல்லாத்தான் இருக்கு. இதப் பாரு." கையோடு கொண்டுவந்த குடுக்கையைத் தரையில் கவிழ்த்தாள். கழுவிய பருக்கைகள் பல் மாதிரி வெள்ளையாகக் கொட்டின. "நானும் கழுவினேன், கழுவினேன், செவப்பு ஓடியே போச்சு. எம் மருமக என்ன ஓட்ட வலையாடி, பட்டைச் சாயம் காய்ச்சி ஊத்த?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி, "அதான் புள்ள மீன் மாதிரி துள்ளுது" என்றாள். அயிம்பேன் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"எங்கடி உன் செவப்பு?" என்று யூலாலி கத்தினாள். "அவ்வளவு பெருமையா நடந்தியே. உம் பரண்ல என்னதான் வச்சிருக்க?"

சொன்னபிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரையும் கேட்டதில்லை. அயிம்பேன் குனிந்து, தரையில் கொட்டிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தியில் போட்டுக்கொண்டாள். பதில் சொல்லாமல், தண்ணீரும் எடுக்காமல், வெறும் குடத்தோடு போய்விட்டாள்.

யூலாலி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. யாராவது ஒரு பிடி செவப்பு குடுங்க. அவ வெளுத்துக் கெடக்கா."

யாரோ கிணற்றுக் கயிற்றைச் சுருட்டினார்கள்.

"ஏன், உங்கிட்ட இல்லியா யூலாலி?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

யூலாலி தன் குடத்துக்குள் பார்த்தாள். எல்லாரும் அவரவர் குடத்துக்குள் பார்த்தோம். நானும் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் தெரிந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சற்றுமுன் சிரித்த முகம் அது.

அந்த ஞாயிறு அயிம்பேன் பூசைக்கு வரவில்லை. வேறு ராகத்தில் பாட ஆள் இல்லாமல் பாட்டு சரியாக இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. பூசை முடிந்ததும் பொரித்த மீன் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிடந்த பாயைத் தட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"ஒரு கட்டு இருந்துச்சு புள்ள. கடைசியா வெளஞ்சது. அத விதைச்சிருக்கணும். நான் பரண்ல ஏத்திட்டேன். கௌரவம். பழைய செவப்பு இருக்குன்னு நாலு பேரு நெனைக்கட்டும்னு ஒரு கௌரவம். பொகை குடிச்சுக் குடிச்சு அது உள்ளயே செத்துப்போச்சு. ஒருக்கா ஈரத்துணியில கட்டி வச்சேன், ஒரு பொட்டு மொளைக்கல. திங்க ஆகும், விதைக்க ஆகாது. பெத்தவளுக்கெல்லாம் பிடி பிடியா அள்ளிக் குடுத்தேன், போன மழையோட தீந்துபோச்சு. அப்புறம் ஓனோரின் பெத்தா. எல்லாரும் என் வாசலப் பாத்தாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"அதுக்குப் பட்டையவா அக்கா..."

"வலைக்காரங்க காயப்போட்டிருந்தாங்க. வயித்துக்கு ஆகாததில்ல, பேதிக்கு நாமளே காய்ச்சிக் குடிக்கறதுதான். ஆனா ரத்தம் போன பொண்ணுக்கு வெறும் சாயத்தக் குடுத்தேனே. அவ என்ன நம்பிக் குடிச்சாளே. ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு." முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் அதைச் சொல்வதில்லை. வயலில் வேறு நெல் தலைகாட்டினால் அதற்கு அழுக்கு என்று பெயர். விதையைப் பார்த்து எடுக்கத் தெரியாதவள் வயலில்தான் அழுக்கு வரும். அதனால் கதிர் வந்ததும் யாரும் பார்ப்பதற்கு முன் போய்ப் பிடுங்கிச் சேற்றில் மிதித்துவிடுவோம்.

"அக்கா, என் வயல்ல அழுக்கு இருக்கு" என்றேன். "நான் வந்த வருஷம் வரப்புல நாத்து வச்சியே, அதுல செவப்பு கலந்திருந்துச்சு. கொட்டினது கொட்டினதுதான், வருஷா வருஷம் தானா மொளைச்சு வருது. வருஷா வருஷம் பிடுங்கறேன்."

முகத்திலிருந்து துணியை எடுத்தாள். "நாத்து நான் வச்சேன்னு யாரு சொன்னா?"

"முடிச்சு சொல்லுச்சு."

"இந்த வருஷமும் பிடுங்கிட்டியா?"

"மேட்டுல பிடுங்கிட்டேன். ஓடைப்பக்கம் இன்னும் போகல."

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் எழுந்துவிட்டாள். மீனைக்கூடத் தொடவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். ஓடைப்பக்கம் அந்த வாரம்தான் வரப்பில் நண்டு வளை தோண்டி உப்புத்தண்ணீர் கசிந்திருந்தது. மூன்று மாத நெல் நுனி கருகிப் பழுத்துக் கிடந்தது. அதற்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக, கருத்த உமியோடு சிவப்பு நிமிர்ந்து நின்றது. நான் வருடந்தோறும் மிதித்த நெல். அயிம்பேன் சேற்றில் முழங்காலிட்டுவிட்டாள். செபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

ஆனால் அது இரண்டு கைப்பிடிக்கு மேல் தேறாது. ஓனோரினுக்குக் கொடுத்தால் விதை இல்லை. விதைக்கு வைத்தால் ஓனோரினுக்கு இல்லை.

மறுநாள் அயிம்பேன் செய்ததை நான் செய்திருக்கமாட்டேன். ஒவ்வொருத்தியின் வரப்பிலும் போய் நின்று, "உன் வயல்ல அழுக்கு இருக்கா? இருந்தா பிடுங்காத, பால் முத்தட்டும், எனக்குக் குடு" என்று கேட்டாள். எங்கள் பெண்களை இதைவிட மோசமாகத் திட்ட முடியாது. ஒருத்தி சேற்றை வாரி எறிந்தாள். ஒருத்தி, "எங்காத்தா வளத்த வளப்புக்கு எம் வயல்ல அழுக்காடி?" என்று ஏறிக்கொண்டு வந்தாள்.

யூலாலி இடுப்பில் கைவைத்து நின்றாள். "போடி சாயக்காரி! எவ வயல்ல வந்து என்ன கேக்கற?"

"சாயக்காரிதான்" என்றாள் அயிம்பேன். "அதுல ஒண்ணும் பொய்யில்ல. இருந்தா குடு யூலாலி."

"இல்ல. எம் வயல்ல ஒண்ணும் இல்ல."

"இருந்தா பிடுங்காத" என்று திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த வரப்புக்குப் போனாள்.

ஒருத்தியும் இருக்கிறது என்று சொல்லவில்லை. அயிம்பேனுக்குச் சாயக்காரி என்ற பெயர்தான் நிலைத்தது. குழந்தைகள்கூடக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

கதிர் முற்றும் நாட்களில் ஒரு காலை, அவள் வயல் வரப்பில் சிவப்புக் கதிர் ஒரு சின்னக் கட்டு இருந்தது. மேலே இலை போட்டு மூடியிருந்தது. யாரும் இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு. பிறகு தினமும் வந்தது. சிலது நாலைந்து கதிர்தான். ஒரு கட்டின் முடிச்சு இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. அப்படி இறுக்கி முடிச்சுப் போடுபவள் எங்கள் பகுதியில் யூலாலி ஒருத்திதான். அயிம்பேன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.  

கட்டுகளை அவள் பரணில் ஏற்றவில்லை. வாசலில் பாய் விரித்துப் பகலிலேயே காயவைத்தாள், போகிறவர் வருகிறவர் பார்க்க. எங்களுக்கெல்லாம் கூசியது. ஒரு பெண் தன் நெல்லை இப்படித் தெருவில் காட்டுவாளா? ஒரு பங்கை மட்டும் உரலில் போட்டுக் குத்தி, அடுப்பை யூலாலி வீட்டு முன்னாலேயே கூட்டி, அரிசியை எல்லார் கண்ணெதிரிலும் கழுவினாள். ஒரு தண்ணீர் ஊற்றினாள், இன்னொரு தண்ணீர் ஊற்றினாள். சிவப்பு அப்படியே இருந்தது. மூன்றாவது முறை ஊற்றப் போகும்போது யூலாலி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி. சத்தெல்லாம் போயிடும்."

ஓனோரின் குடித்துவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப எங்கப்பா நெனப்பு வரல பெரியத்தை."

"வேணும்னா கொஞ்சம் பட்டை போடவா?" என்றாள் அயிம்பேன். வெகுநாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது. ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அதன்பிறகு அவள் சிரிப்பெல்லாம் பாதிதான்.

மீதியை விதைக்காக ஊறவைப்பதற்கு முன் ஒரு பிடி முளைக்குமா என்று பார்த்தாள். முளைத்தது. அடுத்த மழைக்கு ஓடைப்பக்கம் நட்டோம். ஓனோரின் நிறம் திரும்பி, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடவுக்கு வந்தாள். எஃப்ரெம் கொடுத்த மாத்திரையா, மீனா, கஞ்சியா, ஆண்டவருக்குத்தான் தெரியும். அறுப்பு முடிந்ததும் அயிம்பேன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் ஒரு கட்டுச் சிவப்பைக் கையில் கொடுத்தாள். "பரண்ல ஏத்தாத. இந்த மழைக்கே போடு" என்பாள். வாங்கும்போது எங்களால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளாலும் எங்களைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே வாங்கினோம்.

அதற்குப் பின் சில வருடங்களில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. நாற்றும் புல்லும் ஒன்றாகத் தெரிகிறது என்றாள். மகன் டக்காரிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனான். ஆற்றங்கரைவரை நான் போனேன். மூட்டையில் துணி, செபமாலை, சிப்பி வெட்டும் கத்தி. "அங்க எங்கக்கா சிப்பி?" என்றேன். "கத்தி எங்கூட இருக்கட்டும்" என்றாள். படகுக்காரன் அவசரப்படுத்தினான். மகன் அவளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தான். கரையில் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"புள்ள, அன்னிக்குக் கெணத்தடியில யூலாலி ஒண்ணு கேட்டா. நான் பதில் சொல்லாமப் போயிட்டேன். அவகிட்டச் சொல்லிடு, வேற யாரு கேட்டாலும் சொல்லு. எம் பரண்ல ஒரு கட்டுகூட இல்ல."